எத்தனை ரவை காணும்

கனடாவில், நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற பகுதியில் நாங்கள் ஒரு மூலைக்கடை வைத்திருந்தோம். தெப்பனர் என்று இங்கே சொல்வார்கள். பால், பாண், பியர், சிகரெட், லொத்தர் சீட்டு, பனிக்காலத்தில் வாசலுக்குப் போடுகிற உப்பு. அகதியாக வந்த புதிதில் அரசாங்க வகுப்புக்குப் போய்ப் படித்ததால் எனக்குப் பிரெஞ்சு ஓரளவு வரும். அதனால் காசுப்பெட்டியடியில் நான் நிற்பேன். என் கணவருக்கு ஆட்களோடு கதைக்கக் கூச்சம். சாமான் இறக்குவதும் அடுக்குவதும் அவருடைய வேலை. கடைக்குக் கீழே இருந்த பேஸ்மென்ரில்தான் மிச்சச் சாமானெல்லாம் வைப்போம். பின்பக்கம் ஆள் உள்ளே போய் நிற்கக்கூடிய ஒரு குளிர் அறை இருந்தது. அதன் முன்பக்கம் கண்ணாடிக் கதவுகள். வாங்க வருபவர்கள் முன்னால் திறந்து பியரை எடுப்பார்கள். அவர் உள்ளே நின்று போத்தல்களை முன்னுக்குத் தள்ளி வைப்பார்.

ஒரு நவம்பர் மாதப் பின்னேரம், வெளியே இருட்டத் தொடங்கியபோது, கத்தியோடு ஒருவன் வந்தான். கண் மட்டும் தெரிய முகத்தில் துணி சுற்றியிருந்தான். கடையில் வேறு யாரும் இல்லை. கத்தியை என் கழுத்தடியில் வைத்துக்கொண்டு பெட்டியைத் திறக்கச் சொன்னான். அவனுடைய தோளுக்கு மேலால் குளிர் அறைக் கண்ணாடி தெரிந்தது. போத்தல்களுக்கிடையில் என் கணவரின் முகம். இரண்டு கையாலும் ஒரு பியர்ப் பெட்டியைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வராதேங்கோ என்று சொல்கிற மாதிரி நான் தலையை மெல்ல ஆட்டினேன். இவன் தனியாக வந்தவன், காசை எடுத்தால் போய்விடுவான், இன்னொரு ஆம்பிளை வந்து நின்றால் கத்தி என் கழுத்துக்குள் இறங்கும் என்று எனக்குத் தோன்றியது. அவர் வரவில்லை. திருடன் காசையும் சிகரெட் கட்டுகளையும் அள்ளிக்கொண்டு ஓடிவிட்டான். அவர் என்னுடைய சொல்லைக் கேட்டு நின்றார் என்றுதான் நான் நினைத்தேன். மனதுக்குள் அவருக்கு நன்றி சொன்னேன்.

பொலிஸ் வந்தது. சம்பவம் நடந்தபோது கணவர் எங்கே நின்றார் என்று அந்த அதிகாரி என்னிடம் பிரெஞ்சில் கேட்டார். நான் அதைத் தமிழில் இவரிடம் கேட்டேன். இவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "பேஸ்மென்ரிலை நிண்டனான், ஒண்டும் கேக்கேல்லை எண்டு சொல்லும்" என்றார்.

நான் ஒரு கணம் அவருடைய முகத்தைப் பார்த்தேன். பிறகு அப்படியே மொழிபெயர்த்தேன். அதிகாரி எழுதிக்கொண்டார்.

அந்த ஒரு வசனத்துக்குப் பிறகு, உங்களைக் கண்டனான் என்று சொல்வதற்கு எனக்கு வழி இல்லாமல் போய்விட்டது. சொன்னால் அவர் பொய்யன் என்று ஆகும். சொல்லாமல் விட்டால் தானாக ஆறிவிடும் என்று நினைத்தேன். அது ஆறவில்லை. அவர் சாப்பாட்டைக் குறைத்தார். குளிர் அறைக்குள் போவதைத் தள்ளிப்போட்டார். பியர்த் தட்டுகள் வெறுமையாகக் கிடக்கும். யாராவது கதவை வேகமாகத் திறந்தால் எங்கிருந்தாலும் ஓடி வந்து எனக்குப் பக்கத்தில் நிற்பார்.

ஒருநாள் வீட்டில் நான் மகளுக்குத் தலை இழுத்துப் பின்னிக்கொண்டிருக்க, அவர் தொலைபேசியில் கதைப்பது கேட்டது. "பத்து ரவை காணுமோ அண்ணை? பதினைஞ்சு வேணுமெண்டு சொல்லுறியள்?" என்றார். தைப்பொங்கலை ஒட்டிக் கடையில் எங்கள் சனத்துக்கென்று சில சாமான்கள் வைக்கிற யோசனை இருந்தது. எத்தனை மூட்டை ரவை போதும் என்று கேட்கிறார் என நினைத்தேன். உப்புமா கிண்டுகிற ரவைதான் என் மனதில் இருந்தது. துப்பாக்கிக்குப் போடுகிறதையும் எங்கள் ஊரில் ரவை என்றுதான் சொல்வார்கள் என்பதை ஊரை விட்டு வந்து இத்தனை காலத்தில் நான் மறந்தே போயிருந்தேன்.

மறுபக்கத்தில் பேசியது அவருடைய ஒன்றுவிட்ட அண்ணை. அமெரிக்காவில் பெட்ரோல் நிலையம் வைத்திருப்பவர். அங்கே சட்டப்படி இடுப்பில் பிஸ்டல் கொண்டு திரிகிறவர். பிறகு ஒருநாள் அவர் என்னிடமும் அதை விளக்கினார். "தங்கச்சி, ஒருத்தன்தான் வருவான் எண்டு ஆர் சொன்னது? ரெண்டு பேர் வந்தால்? ஒருத்தனுக்கு ஒரு வெடி காணாது. அந்த நேரம் கை நடுங்கும், பாதி வெடி குறி பிழைக்கும். கூடக் கொண்டுபோய்த் தேவைப்படாட்டி நட்டமில்லை. குறையக் கொண்டுபோய்த் தேவைப்பட்டால் ஆள் இல்லை."

"நீங்கள் எப்பவாவது சுட்டிருக்கிறியளோ அண்ணை?" என்று கேட்டேன்.

"குறி வைக்கிற கடதாசியிலைதான்" என்றார்.

கனடாவில் அப்படி இடுப்பில் கொண்டு திரிய முடியாது. உயிரைக் காக்க என்று கேட்டாலும் லேசில் அனுமதி தரமாட்டார்கள். ஆனால் வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, ஒரு கழகத்தில் சேர்ந்தால், குறிபார்த்துச் சுடுகிற விளையாட்டுக்கென்று கைத்துப்பாக்கி வாங்கலாம். பூட்டிய பெட்டியில் வைத்து வீட்டிலிருந்து கழகத்துக்கும், கழகத்திலிருந்து வீட்டுக்கும் கொண்டுபோகலாம். அதற்கு மேல் இல்லை. அவர் அந்த வகுப்புக்குப் போனார். விண்ணப்பத்தில் மனைவி கையொப்பம் வைக்க ஓர் இடம் இருந்தது. "விளையாட்டுக்குத்தானே?" என்று கேட்டேன். "ஓம், வேறை என்னத்துக்கு?" என்றார். விளையாட்டுக்கு இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். நான் வைத்தேன். பல மாதங்களுக்குப் பிறகு முதல் முறையாக அவர் வயிறாறச் சாப்பிட்டது எனக்கு அப்போது பெரிதாகத் தெரிந்தது.

ஊரில் சண்டை நடந்த காலத்தில் நாங்கள் துப்பாக்கியைக் கண்டால் ஒழுங்கைக்குள் இறங்கி ஒதுங்கிப் போன சனம். யார் வைத்திருந்தாலும் அது எங்களுக்கு மற்றவர்களுடைய சாமான். அதை என் கணவர் சமையலறை மேசையில் வைத்து எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தபோது, எங்கள் வீட்டுக்குள் தெரியாத ஓர் ஆள் வந்து இருப்பது மாதிரி இருந்தது. மகளை அறைக்குள் கொண்டுபோய் விட்டேன்.

அடுத்த பனிக்காலம் தொடங்கிக் கொஞ்ச நாளில் அவருடைய தடித்த மேலங்கியின் உட்பை கிழிந்திருந்தது. தைத்துத் தரச் சொன்னார். பை கிழிந்த விதத்தைப் பார்த்ததுமே விளங்கியது. பாரமான ஏதோ ஒன்று தொங்கித் தொங்கித் தையலை அறுத்திருக்கிறது.

"கடைக்குக் கொண்டு போறியளோ?"

அவர் நூல் பெட்டியை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"பிடிச்சால் மறியலிலை போடுவாங்கள் எண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

"தெரியும். நீர் அங்கை தனிய நிக்கிறது எனக்குத் தெரியும். அதுதான் எனக்குத் தெரியும்."

அந்த இடத்தில் நான் வேண்டாம் என்று ஒரே சொல்லாகச் சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் வந்தது வேறு கேள்வி.

"எத்தனை போட்டிருக்கிறியள்?"

"பத்து. இஞ்சை பத்துக்கு மேலை போடேலாது. இன்னொரு பத்து மற்றப் பொக்கற்றிலை."

"ஒருத்தன் கத்தியோடை வந்ததுக்கு இருவதோ?"

"அண்ணை சொன்னவர்தானே. பாதி பிழைக்கும்."

"அப்ப மற்றப் பாதி எங்கை போகும்?"

அவர் என்னைப் பார்த்தார். அதை அவர் யோசித்திருக்கவில்லை, அல்லது யோசிக்க விரும்பவில்லை. கழகத்தில் சொல்லிக்கொடுத்த ஆள், இங்கத்தைய வீட்டுச் சுவர் குண்டுக்குக் கடதாசி மாதிரி என்று சொன்னதை அவர்தான் முன்பு எனக்குச் சொல்லியிருந்தார்.

அடுத்த நாள் காசுப்பெட்டியடியில் நின்று, திருடன் நின்ற இடத்தைப் பார்த்தேன். அவனுக்குப் பின்னால் ஒரு பக்கம் குளிர் அறை, மற்றப் பக்கம் தெரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே பஸ் தரிப்பு. எந்த நேரமும் இரண்டு மூன்று பேர் நிற்பார்கள். இடப்பக்கச் சுவருக்கு அங்கால் தலைமயிர் பின்னுகிற கடை, ஹெயிட்டிப் பெண்கள் பிள்ளைகளோடு வந்து மணிக்கணக்காக இருப்பார்கள். கை உயர்ந்து போனால் மேலே கூரை. கூரைக்கு மேல் ஒரு பெரியவரின் வீடு. பால் வாங்க வந்த ஒருவர் மீதிக் காசுக்குக் கை நீட்டிக்கொண்டு நிற்க, நான் ஒவ்வொரு ரவைக்கும் ஓர் இடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று வீட்டில் பேரம் தொடங்கியது. மற்றப் பொக்கற்றில் இருந்த பத்தையும் வீட்டில் விடச் சொன்னேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தார், மூன்றாம் நாள் வீட்டில் வைத்தார். பிறகு பத்தைக் குறைக்கச் சொன்னேன். முந்தி பொலிஸ்காரர் ஆறோடுதான் திரிந்தவர்களாம், ஆறு என்றார். மூன்று என்றேன். மூன்றும் பிழைத்தால் என்ன செய்வது, அதுக்குப் பிறகு அவன் என்னைச் சும்மா விடுவானோ என்று கேட்டார். சந்தையில் மீனுக்குப் பேசுவதுபோல் பேசிக் கடைசியில் ஐந்தில் வந்து நின்றோம். காலையில் கடைக்கு வெளிக்கிடுமுன் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் ஐந்தையும் எனக்குக் காட்டி எண்ணிப் போடுவார். நான் பார்த்துத் தலையாட்டுவேன். மேலங்கிப் பையைத் தடித்த நூலால் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்ததும் நான்தான்.

குறைத்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு திருப்திகூட இருந்தது. இருபதை ஐந்தாக்கினேன், மற்றப் பதினைந்தும் படக்கூடிய ஆட்களைத் தப்ப வைத்தேன் என்று கணக்குப் பார்த்தேன். எண்ணிக்கை பேசத் தொடங்கிய அன்றே நான் சம்மதித்துவிட்டேன் என்பது தெரியாமல் இல்லை. அந்த எண்ணம் வரும்போதெல்லாம் ஏதாவது வேலையை இழுத்துப்போட்டுக்கொள்வேன். கிறிஸ்மஸுக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது கோபம், சோம்பல், பொய் என்று வழக்கமான பாவங்களைச் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. எந்தப் பெயரில் சொல்வது என்று தெரியவில்லை என்று அப்போது நினைத்தேன். சொன்னால் நிறுத்தவேண்டி வரும் என்ற பயம்தான் உண்மையான காரணம்.

மேல்வீட்டுப் பெரியவர் ஓய்வுபெற்ற மனிதர், தனியாக இருப்பவர். நாள் தவறாமல் பத்திரிகைக்கும் ஒரு லொத்தர் சீட்டுக்கும் வருவார். என் பிரெஞ்சில் பிழை வந்தால் சிரிக்கமாட்டார். அதே வசனத்தைத் தான் ஒருமுறை சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டுப் போவார். எங்கள் மகள் பிறந்தபோது ஒரு கம்பளித் தொப்பி கொண்டுவந்து தந்தவர். அந்தப் பெப்ரவரியில் ஒரு கிழமையாக அவரைக் காணவில்லை. தன் மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்தோம்.

பனி உறைந்து மூச்சே கல்லாகிற ஒரு நாள். மத்தியானம் கழிந்திருந்தது. என் கணவர் மேலங்கியைக் கழற்றாமல் எனக்குப் பக்கத்தில் நின்று சிகரெட் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கதவு படாரென்று திறந்தது. கண்வரை துணி சுற்றிய ஒரு ஆள் உள்ளே பாய்ந்து வந்தார். மேலங்கியின் ஒரு கை வெறுமையாகத் தொங்கியது. அந்தக் கை அங்கிக்குள் எதையோ பிடித்துக்கொண்டிருப்பது மாதிரி இருந்தது. நேராக எங்களை நோக்கி வந்து அங்கிக்குள் அந்தக் கையை அசைத்தார்.

சிகரெட் பெட்டிகள் விழுந்த சத்தம் கேட்டது. திரும்பினால் என் கணவர் இரண்டு கையாலும் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்கிறார். வந்த ஆளின் கண்களைப் பார்த்தேன். சாம்பல் நிறக் கண்கள், தெரிந்த கண்கள்.

"சுடாதேங்கோ! மேல்வீட்டு ஐயா! மேல்வீட்டு ஐயா!" என்று கத்திக்கொண்டு என் கணவரின் கைக்கு மேல் விழுந்தேன்.

சுடவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் கும்பிடவேண்டும் போலிருக்கும். ஆனால் பெரியவர் தட்டில் சாய்ந்து, அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். துணி விலகி முகம் தெரிந்தது. பனியில் வழுக்கி விழுந்து தோள் விலகிக் கையைத் தூக்குக்கட்டில் போட்டிருந்திருக்கிறார். அதுதான் அங்கிக்குள் இருந்த கை. குளிர் பொறுக்காமல் ஓடிவந்திருக்கிறார். அவர் இருந்த இடத்தில் நிலம் நனைந்தது. அதை அவரும் கண்டார், நாங்களும் கண்டோம். அவர் தன் நல்ல கையால் அங்கியை இழுத்து மூடப் பார்த்தார்.

"பூர்குவா?" என்று என் கணவரைப் பார்த்துக் கேட்டார். ஏன்? கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டார்.

என் கணவர் துப்பாக்கியைத் தட்டில் வைத்துவிட்டு முழங்காலில் இருந்து அவருடைய கையைப் பிடிக்கப் போனார். பெரியவர் கையை இழுத்துக்கொண்டார். என்னுடைய கையைப் பிடித்துத்தான் எழும்பினார். மேலே கொண்டுபோய் விட்டேன். பிரெஞ்சில் எனக்குத் தெரிந்த மன்னிப்புச் சொற்கள் எல்லாவற்றையும் படிக்கட்டு முழுக்கச் சொன்னேன். அவர் கதவைச் சாத்தி, உள்ளே சங்கிலியையும் போடுகிற சத்தம் கேட்டது.

கீழே வந்து கடையைப் பூட்டினேன். இவர் ஐந்து ரவையையும் கழற்றித் தட்டில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அண்டைக்கு நான் பேஸ்மென்ரிலை இல்லை" என்றார்.

"தெரியும்."

"என்னெண்டு தெரியும்?"

"போத்தலுக்குள்ளாலை கண்டனான். வராதேங்கோ எண்டு தலையாட்டினனான்."

"நீர் பயத்திலை நடுங்கிறீர் எண்டெல்லோ நினைச்சன்" என்றார். "கூப்பிடுறீர், எனக்குக் கால் வரேல்லை எண்டு நினைச்சன்."

"இல்லை. நான்தான் நிக்கச் சொன்னனான்."

"அதை ஏன் அப்பவே சொல்லேல்லை?"

பொலிஸுக்கு முன்னால் அவர் பொய் சொன்னதால்தான் என்று சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "தெரியாது" என்றேன். அவர் நிலத்தைத் துடைக்கத் தண்ணீர் எடுக்கப் போனார். துடைக்கிற வேலையை என்னிடம் தரவில்லை.

அடுத்த நாள் பெரியவரின் மகள் வந்தார். ஐம்பது வயதிருக்கும், நன்றாக உடுத்தியிருந்தார். என் கணவரைப் பார்க்கவே இல்லை. என்னிடம்தான் பேசினார். "அப்பா முறைப்பாடு செய்யவேண்டாம் என்கிறார். உங்களுக்கு ஒரு சின்னப் பிள்ளை இருக்கிறதாம். நானாக இருந்தால் செய்திருப்பேன். இதை உங்களுக்குத் தெரியப்படுத்தத்தான் வந்தேன்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் என்ன சொன்னார் என்று இவர் கேட்டபோது, ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.

அந்தக் கிழமையே இருவரும் பொலிஸ் நிலையத்துக்குப் போய்த் துப்பாக்கியை ஒப்படைத்தோம். வீட்டிலிருந்து தொலைபேசி எடுத்துக் கேட்டு, அவர்கள் சொன்னபடி பூட்டிய பெட்டியில் கொண்டுபோனோம். ஏன் தருகிறீர்கள் என்று அதிகாரி கேட்டார். "இனி வேண்டாம் எண்டு சொல்லும்" என்றார் இவர். நான் சொன்னேன். அது பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. அந்த இளம் அதிகாரி எங்களுக்கு இரண்டு முறை மெர்சி என்று நன்றி சொன்னார். பொறுப்பான ஆட்கள் என்றும் சொன்னார். வெளியே வந்து காருக்குள் ஏறியதும் என் கணவர் அழுதார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் அழுது நான் கண்டது அன்றுதான். அமெரிக்க அண்ணை பிறகு ஒருமுறை எடுத்து, இப்ப எத்தனை போடுகிறாய் என்று கேட்டபோது, "ஒண்டுமில்லை அண்ணை, குடுத்திட்டன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பெரியவர் எங்கள் கடைக்குப் பிறகு வரவில்லை. கை சுகமாகாத ஆள், பத்திரிகைக்கு இரண்டு தெரு தாண்டிப் போய் வந்தார். என் கணவர் பாலும் பாணும் பத்திரிகையும் கொண்டுபோய் மேல்வீட்டு வாசலில் வைப்பார். பின்னேரம் அவை அப்படியே இருக்கும். பல நாள் வைத்தும் அப்படித்தான். பிறகு ஒருநாள், நாங்கள் வைப்பதே அவருக்குத் தொந்தரவாக இருக்கலாம் என்று நான் சொன்னேன். இவர் நிறுத்தினார். படிக்கட்டிலும் நடைபாதையிலும் உப்புத் தூவுவதை மட்டும் நிறுத்தவில்லை.

அந்த வருட முடிவில் கடையை விற்றோம். இவர் சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பொதி கட்டுகிற வேலைக்குப் போனார். எனக்கு ஒரு கார்டெரியில் வேலை கிடைத்தது. பிள்ளைகளைக் கவனிக்கிற இடம். ரொக்ஸ்பரோ பக்கம் வீடு மாறினோம். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் நிற்கிற மனிதராக என் கணவரைப் பார்ப்பது எனக்குப் புதிதாக இருந்தது. சிரிக்கவும் தொடங்கினார். நித்திரையில் கை உதறுவது மட்டும் இருந்தது.

சில வருடங்களுக்குப் பிறகு, ஒரு சொந்தக்காரரைப் பார்க்க நோத்ர-டாம்-த-கிரேஸுக்குப் போனேன். பஸ் நிறைந்திருந்தது. நடுவில் ஒரே ஒரு இருக்கை காலியாக இருந்தது, அதற்குப் பக்கத்தில் அந்தப் பெரியவர். கைத்தடி வைத்திருந்தார். திரும்பிப் போகலாமோ என்று நினைக்குமுன் அவர் என்னைக் கண்டுவிட்டார். தன் பையை எடுத்து மடியில் வைத்து இடம் விட்டார். இருந்தேன். மகள் எப்படி என்று கேட்டார். வளர்ந்துவிட்டாள் என்றேன். நான் சொன்ன வசனத்தில் ஏதோ பிழை இருந்திருக்கவேண்டும். அவர் அதைச் சரியாக்கித் திருப்பிச் சொன்னார். நான் சிரித்தேன்.

அப்போது முன்னால் நின்ற ஓர் இளைஞன் மேலங்கிக்குள் கை விட்டு எதையோ தேடினான். தொலைபேசியாக இருக்கவேண்டும். பெரியவரின் கை பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. அவர் கதையை நிறுத்தவில்லை. தான் பிடித்ததே அவருக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். இளைஞன் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்ததும் அந்தப் பிடி மெல்லத் தளர்ந்தது. நான் கையை எடுக்கவில்லை. என்னுடைய தரிப்பு வந்தும் இறங்காமல் இருந்தேன். அவர் தன் தரிப்பில், "நல்ல நாளாக இருக்கட்டும், மதாம்" என்று சொல்லி இறங்கிப் போனார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் இவருக்குச் சொன்னேன். இனி எதையும் மறைப்பதில்லை என்று எனக்குள் ஒரு முடிவு இருந்தது. கை பிடித்ததையும் சொன்னேன். அவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னைப்பற்றி ஏதும் கேட்டவரோ?" என்றார்.

"இல்லை" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுக் கை கழுவ எழும்பிப் போனார்.